பதினோரு வயது, தோராயமாக

லியெபாயாவில் காற்றுக்கு விடுமுறை கிடையாது.
அன்றும் கடலிலிருந்து வந்து
காப்பகத்தின் தகரக் கதவை
உதைத்துக்கொண்டிருந்தது.

குட்டிகள் இருந்த பக்கம் கூட்டம்.
மதாரா என்னைக் கடைசிக் கூண்டுக்கு அழைத்துப்போனாள்.
"பதினோரு வயது, தோராயமாக.
பல்லைக் கேட்டால் பதிமூன்று என்கிறது."
பின்னங்கால் இரண்டிலும் மூட்டுவாதம்.
காலையில் அரை மாத்திரை, ஈரல் பசையில் பொதிந்து.
குளிர் கூடினால் முழுசு.
படி ஏறக் கூடாது.

"எந்த மாடி?" என்றாள்.
"தரைத்தளம்" என்றேன்.
நான்காவது மாடி.
லிஃப்ட் என்ற சொல்லையே கேட்டறியாத கட்டடம்.

ஏன் பொய் சொன்னேன்?
அது என்னைப் பார்க்கக்கூட இல்லை.
எழுந்து நிற்பதிலேயே
அதன் கவனமெல்லாம் செலவாகிக்கொண்டிருந்தது:
முதலில் முன்கால்கள்.
ஒரு யோசனை.
பிறகு, துருப்பிடித்த மடக்கு நாற்காலியை
யாரோ விரிப்பதுபோல்
இடுப்பு.

இருபத்தெட்டு கிலோ.
ஐம்பத்திரண்டு படி.
நாளுக்கு மூன்று முறை.
பகலெல்லாம் டிராம் ஓட்டிவிட்டு வருகிறவன் நான்.
முதல் வாரம் அதை வெறுத்தேன்.
மறைப்பானேன், வெறுத்தேன்.
மூன்றாம் மாடித் திருப்பத்தில்
என் கழுத்தின்மேல் அது விடும் மூச்சில்
பழைய மீன் நாற்றம்.

காப்பகம் வைத்த பெயர் ரெக்ஸ்.
ஒருமுறையும் திரும்பியதில்லை.
லாச்சிஸ் என்றேன், துக்ஸிஸ் என்றேன்,
என் மேலதிகாரியின் பெயரையும் சொல்லிப் பார்த்தேன்.
எல்லாம் காதில் பட்டு
வழுக்கி விழுந்தன.

நவம்பரில் ஒரு விடுப்பு நாள்.
தண்டவாளம் முடிந்து இன்னும் கொஞ்ச தூரம்.
ஒரு பச்சை மரக்கதவின் முன்னால்
நின்றது.
இழுத்தேன். வரவில்லை.
உட்கார்ந்தது.
உட்காருவது அதற்கு எவ்வளவு பெரிய வேலை என்பது
தூக்கிச் சுமக்கிறவனுக்குத்தான் தெரியும்.

வாளியோடு ஒரு பெண் வெளியே வந்தாள்.
"முன்னே இருந்தவர்களா?
அயர்லாந்து போய்விட்டார்கள். காளான் பண்ணை.
வீட்டைக் கொடுத்துவிட்டுப் போனபோது
கொட்டிலில் ஒரு சங்கிலி கிடந்தது."
சாம்பலைக் கொட்டினாள்.
"நல்ல மனிதர்கள்தான்" என்றாள்,
நான் கேட்காமலே.

கோபப்படத் தயாராகத்தான் இருந்தேன்.
ஆனால் என் அக்கா தைகாவும்
அந்த நாட்டில்தான் மீன் வெட்டுகிறாள்.
அவள் விட்டுப்போனவற்றில்
ஒரு தையல் இயந்திரம்,
ஒற்றைக் கையோடு நின்றுபோன கம்பளிச் சட்டை,
நான்.

கதவு மூடிய பிறகுதான் தோன்றியது
நாயின் பெயரைக் கேட்டிருக்கலாமே என்று.
தட்டக் கை உயர்ந்தது.
தட்டவில்லை.
அந்தப் பெயர்
அவர்கள் கூப்பிடுவதற்கென்று
அதனிடமே இருக்கட்டும்.

ஓடி வரும் பயணிக்காகக்கூட
நான் டிராமை நிறுத்தி வைப்பதில்லை.
அன்று அந்தக் கதவின் முன்
மழை பிடிக்கும்வரை நின்றோம்.
பிறகு தானாகவே எழுந்தது.
எந்தப் பக்கம் என்று
என்னைப் பார்த்தது.
முதல்முறையாக.

இரண்டாம் மாடியில் விக்தோர்ஸ்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்,
ஒன்பது வருடத்தில் எனக்கொரு வணக்கம் சொன்னதில்லை.
போன திங்கள் அவர் வாசலருகே
ஒரு கம்பளத் துண்டு விரித்திருந்தது.
மிதித்தேன்.
கதவிடுக்கிலிருந்து குரல்:
"உனக்கில்லை. அதுக்கு."

அன்றிலிருந்து இருபத்தாறாவது படியில்
இறக்கிவிடுகிறேன்.
அது கம்பளத்தில், நான் சிமெண்டில்.
கீழே காற்று
வெளிக்கதவை உதைக்கிறது.
உள்ளே விக்தோர்ஸ் உருளைக்கிழங்கு வதக்குகிறார்,
வாசனை வருகிறது,
அழைப்பு வருவதில்லை.
மேலே இன்னும் பாதி இருக்கிறது,
மாத்திரைக்கு நேரமாகிறது.

வா, என்கிறேன்,
பெயர் எதுவும் சேர்க்காமல்.

முன்கால்கள்.

ஒரு யோசனை.